பொருளும் வழக்கும்

கவிதை ஒரு பொருள் என்று நம் வட்டத்தில் அடிக்கடி சொல்லப்படுகிறது. கருத்தை ஏற்றிச் செல்லும் வாகனமாக இல்லாமல், தன்னளவில் முழுமையாக நிற்கும் பொருள். சொல்பவர்கள் 'பொருள்' என்றால் என்னவென்று கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. தமிழில் அச்சொல் வஸ்துவையும் அர்த்தத்தையும் செல்வத்தையும் ஒருங்கே குறிப்பதால் கேள்வியிலிருந்து சுலபமாகத் தப்பித்துவிட முடிகிறது.

ஹைடெக்கர் 1950-ல் நிகழ்த்திய ஓர் உரையில் ஒரு குடுவையை எடுத்துக்கொள்கிறார். ஊற்றுவதை ஏற்பது குடுவையின் மண்சுவர் அல்ல, அது சூழ்ந்திருக்கும் வெறுமை. குயவன் வனைவதும் அந்த வெறுமையைத்தான் என்கிறார். அதே உரையில் இன்னொன்றும் உண்டு. பொருளைக் குறிக்கும் ஜெர்மன் சொல் பழங்காலத்தில் ஒரு கூட்டத்தைக் குறித்தது. தகராறுக்குரிய விஷயத்தைப் பேச மக்கள் கூடும் கூட்டம். நமக்கு 'வழக்கு' என்பது நாவில் புழங்குவதும் நீதிமன்றத்தில் நடப்பதுமாக இருப்பது இங்கே நினைவுக்கு வருகிறது. ஆனால் ஹைடெக்கர் அந்தக் கூட்டத்தில் தங்குவதில்லை. மண், விண், தெய்வங்கள், சாகப்பிறந்தவர்கள் என்று போய்விடுகிறார். குடுவை யாருடையது என்று அவர் கேட்கவில்லை.

சட்டம் அதைத்தான் முதலில் கேட்கிறது. 2-ம் நூற்றாண்டு ரோமானியச் சட்ட அறிஞர் கையஸ் பொருள்களைத் தொடக்கூடியவை, தொட முடியாதவை என்று பிரித்தார். தொடக்கூடியவற்றுக்கு அவர் தரும் உதாரணங்களில் நிலம், ஆடை, பொன், வெள்ளி ஆகியவற்றோடு அடிமையும் இருக்கிறான். எது பொருள் என்பது மனிதர் தம்முள் செய்துகொள்ளும் தீர்மானம் என்பதற்கு இதைவிடக் கொடிய சாட்சியம் வேண்டாம்.

நம் 1882-ம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம், அசையாச் சொத்து என்பதில் தடிமரமாக நிற்பது சேராது என்கிறது. 1958-ல் ஒரு காட்டு வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி விவியன் போஸ் இதை விளக்கினார். கட்டிட வேலைக்கு ஆகும் மரத்தைச் சீக்கிரமே வெட்டும் நோக்கமிருந்தால் அது தடிமரம். மண்ணில் தொடர்ந்து சத்தெடுத்து வளர விடுவதானால் அசையாச் சொத்து. வேரும் கிளையும் நிழலும் அப்படியே இருக்கின்றன. மனிதனின் உத்தேசம் மாறியதும் மரம் வேறு பொருளாகிவிடுகிறது. தத்துவவாதியின் மௌனக் குடுவையைவிட இந்த மரம் எனக்கு நேர்மையானதாகப் படுகிறது.

வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவனுக்கு இது அன்றாட விவகாரம். கணக்கில் பணம் கட்டுகிறவர் தம் பணம் உள்ளே பத்திரமாக இருப்பதாக நினைக்கிறார். கட்டிய பணம் வங்கியின் பணம் என்று 1848-லேயே இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்துவிட்டது. அவருக்கு இருப்பது அந்தத் தொகையைத் திருப்பிக் கேட்கும் உரிமை மட்டுமே. கட்டிய நோட்டு வராது, அதன் மதிப்பு வரும். நகைக் கடன் வேறு. அடகு வைத்த சங்கிலிக்குப் பதிலாக அதே எடை, அதே மாற்று என்று வேறொன்றை நீட்டினால் எந்த அம்மாளும் வாங்கிக்கொள்ள மாட்டார். கடன் தீர்ந்ததும், நெளிந்த கொக்கியோடு, அதே சங்கிலி வர வேண்டும். 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமும் அவர் பக்கம்.

நம் விமர்சனம் கவிதையைச் சேமிப்புக் கணக்கில் கட்டிவிடுகிறது. தனிமை, அந்நியமாதல், இருப்பின் அபத்தம் என்று சம மதிப்பை எண்ணிக் கொடுத்துவிட்டு வேலை முடிந்ததென்கிறது. கவிதையைப் பொருள் என்று முழங்குகிறவர்களும் அடுத்த பத்தியில் இதையே செய்கிறார்கள். கவிதையை அடகுப் பொருளாக வாங்குவதே முறை. விமர்சகன் உரசிப் பார்க்கலாம், நிறுக்கலாம், குறிப்பெழுதலாம். கடைசியில் அதே வரிகளை, நெளிந்த கொக்கியோடு, வாசகன் கையில் வைத்தாக வேண்டும்.

இதனால் கவிதை மனிதரை விட்டு விலகித் தனித்து நிற்கும் வஸ்துவாகிவிடாது. அந்தச் சங்கிலிதான் வேண்டும் என்று கேட்டு ஒருத்தி வரிசையில் நிற்பதால்தான் அது வெறும் தங்கமாகாமல் இருக்கிறது. மீட்க ஆள் வராத நகை எடைக்கு ஏலம் போகும். நம் வட்டம் சிறியது என்ற புலம்பலில் எனக்கு அக்கறையில்லை. இதுவரை நாம் எழுதியவற்றில் எந்தக் கவிதையை மீட்க யார் வருவார்கள் என்பதே என் கேள்வி.