ஷேன் பேட்டியர்: கணக்கில் ஏறாத ஆட்டத்தை ரசிப்பது எப்படி?

ஷேன் பேட்டியர் 2001 முதல் 2014 வரை அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்துப் போட்டிகளில் ஆடியவர். உயரம் ஆறடி எட்டங்குலம். 13 பருவங்களில் ஆட்டத்துக்குச் சராசரியாக 8.6 புள்ளிகள், 4.2 ரீபவுண்டுகள். இந்த எண்களை மட்டும் பார்ப்பவர் சுமாரான ஆட்டக்காரர் என்று முடிவுகட்டிவிடுவார். பேட்டியரின் வேலை பெரும்பாலும் எதிரணி ஆளின் கணக்கு குறைவதில்தான் தெரியும். அவரை ரசிக்க விரும்புகிறவர் முதலில் பந்தை விட்டுக் கண்ணை எடுக்கப் பழக வேண்டும்.

புள்ளி எடுக்கத் தெரியாதவர் என்று அவரை நினைத்துவிடக் கூடாது. டியூக் பல்கலைக்கழகம் 2001இல் அரிசோனாவை 82-72 என்று வென்று தேசியப் பட்டம் பெற்றபோது, இறுதியாட்டத்தில் 18 புள்ளிகளும் 11 ரீபவுண்டுகளும் எடுத்தவர் அவர். அந்த ஆண்டின் சிறந்த கல்லூரி வீரராகவும் தேர்வானார். என்.பி.ஏ. அணிகள் புதுமுகங்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் கிரிஸ்லீஸ் அணி ஆறாவது ஆளாக அவரை எடுத்துக்கொண்டது. தொழில்முறை ஆட்டத்தில் தன்னைவிட வேகமானவர்களும் உயரத் தாவுகிறவர்களும் நிறைந்திருக்க, தடுப்பாட்டத்தையே தன் பிழைப்பாக்கிக்கொண்டார்.

அந்தத் திறமை முழுதாக மலர்ந்தது ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணியில், 2006க்குப் பிறகு. அணியின் அப்போதைய மேலாளர் டேரில் மோரி புள்ளிவிவரத்தில் ஊறியவர். எதிரணி வீரர் எந்த இடத்திலிருந்து எறிந்தால் எவ்வளவு தேறும், எந்தப் பக்கம் திரும்பினால் தடுமாறுவார் என்ற விவரக்கட்டு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் பேட்டியரின் கைக்கு வரும். அதை உட்கார்ந்து படித்துவிட்டுத்தான் களம் இறங்குவார்.

லேக்கர்ஸ் அணியின் கோபி பிரையன்டை அவர் காத்த விதத்தில் இதைக் கண்ணாரப் பார்க்கலாம். கோபியை யாராலும் நிறுத்த முடியாது, பேட்டியரும் நிறுத்தவில்லை. ஆனால் எங்கிருந்து எறிய வேண்டும் என்பதை முடிந்தவரை அவர் தீர்மானித்தார். கூடைக்கு அருகே நுழையவிட்டால் எளிதான இரண்டு புள்ளி, இல்லையென்றால் ஃபவுலும் ஃப்ரீ த்ரோவும். அந்த வழியை உடம்பால் அடைத்து, பந்தைத் தட்டிக்கொண்டே வந்து தூரத்திலிருந்து எம்பி எறியும் நிலைக்குத் தள்ளுவார். கோபி எம்பும் கணத்தில் பந்தை அடிக்கப் போகமாட்டார். விரித்த உள்ளங்கையை அவர் கண்ணுக்கு நேராகக் கொண்டுபோய் நிறுத்துவார். பந்தை அடிக்கப் போனால் கையில் பட்டு ஃபவுலாகும், பார்வையை மறைப்பதில் அந்த ஆபத்து குறைவு. பந்து வளையத்தில் பட்டுத் திரும்பும்போது பேட்டியரின் பெயரில் எதுவும் எழுதப்படாது.

பாய்ந்து வருகிறவரின் பாதையில் முன்கூட்டியே காலூன்றி நின்று மோதலை நெஞ்சில் வாங்குவது அவருடைய இன்னொரு கலை. ஃபவுல் மோதியவருக்கு, பந்து பேட்டியரின் அணிக்கு. இதைப் பார்க்க மோதலைவிட அதற்கு முந்தைய ஒரு விநாடிதான் முக்கியம். தன் ஆளை விட்டு எப்போது நகர்ந்தார் என்பதில் மொத்தச் சூட்சுமமும் இருக்கிறது.

இவற்றுக்கெல்லாம் ஓரளவு ஈடுகொடுக்கும் கணக்கு ‘பிளஸ்-மைனஸ்’. ஒருவர் களத்தில் இருக்கும் நேரத்தில் அவர் அணி எதிரணியைவிட எத்தனை புள்ளி கூடுதலாக எடுத்தது என்பதே அது. கூட ஆடுகிறவர்களின் திறமையும் அதில் கலந்துவிடுவதால் ஒரே ஓர் ஆட்டத்தை வைத்து எடைபோடக் கூடாது, பருவக்கணக்கில் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தபோது பேட்டியர் பளிச்சென்று தெரிந்தார். எழுத்தாளர் மைக்கேல் லூயிஸ் 2009இல் நியூயார்க் டைம்ஸ் இதழில் அவரைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதக் காரணமும் இதுவே. 2008, 2009 ஆகிய இரு ஆண்டுகளிலும் என்.பி.ஏ.வின் இரண்டாம் தடுப்பாட்ட அணியில் அவருக்கு இடம் கிடைத்தது.

அந்தக் கட்டுரையில் வரும் ஒரு செய்தி அவர் குணத்தைக் காட்டிவிடுகிறது. சான் அன்டோனியோவின் மானு ஜினோபிலி தொடக்கத்தில் இறங்காமல் இடையில் வந்தவர். அவர் களத்தில் இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் எதிரே தான் இருக்க வேண்டும் என்பதற்காக, தன்னையும் வெளியே உட்காரவைக்கும்படி பேட்டியரே பயிற்சியாளரிடம் கேட்டுக்கொண்டார். தொடக்க ஐவரில் ஒருவர் என்ற கௌரவத்தை இப்படித் தானாக விட்டுக்கொடுக்கும் ஆட்டக்காரர்கள் அரிது.

2011 டிசம்பரில் மயாமி ஹீட் அணிக்குப் போனார். அங்கே தன்னைவிடப் பருமனான ஆட்களோடு கூடைக்கடியில் முட்டித் தள்ளும் வேலையை ஏற்றதால் சக வீரர் லெப்ரான் ஜேம்ஸின் பாரம் குறைந்தது. 2012, 2013 இரண்டிலும் மயாமி பட்டம் வென்றது. 2013 பிளே-ஆஃப் சுற்றில் பேட்டியரின் குறி தவறிக்கொண்டே இருந்தது, வெளியே உட்காரவும் நேர்ந்தது. ஆனால் சான் அன்டோனியோவுடனான இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் எட்டு மூன்று-புள்ளி எறிகளில் ஆறைக் கூடையில் போட்டு 18 புள்ளிகள் எடுத்தார். மயாமி 95-88 என்று வென்றது.

அந்த ஆறு எறிகளும் பார்க்க அழகானவை. ஆனாலும் புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவருக்கு ஏற்றது, ஏழு ஆட்டங்கள் வரை நீண்டு லேக்கர்ஸ் வென்ற 2009 ராக்கெட்ஸ்–லேக்கர்ஸ் தொடர்தான். ஏதாவது ஓர் ஆட்டத்தை ஒருமுறை வழக்கம்போல் பார்த்துவிட்டு, மறுமுறை ராக்கெட்ஸின் 31ஆம் எண் சட்டையை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள்.