எழுத்துக்குப் பால் உண்டா?

எழுத்து அஃறிணை, அதற்கு ஆண்பாலும் பெண்பாலும் இல்லை என்றுதான் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் 'வோக்', 'ஹார்ப்பர்ஸ் பஜார்' இதழ்களின் தலைப்பெழுத்தைக் காட்டினால், மாணவிகளே அதைப் 'பெண்மையான எழுத்து' என்கிறார்கள். தடித்த செங்குத்துக் கோடு, அதோடு சேரும் மயிரிழைபோன்ற கோடு, முனைகளில் அதே மெலிவில் சிறு கால்கள். டிடோ, பொடோனி என்னும் எழுத்துருக்களின் சாயல் இது. அழகுதான். அந்த அழகுக்குப் பெண்மை என்று பெயர் வைத்தது யார் என்பதே என் கேள்வி.

இவை பிறந்தபோது அந்தப் பெயர் இல்லை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், பாரிஸில் டிடோ குடும்பத்தாரும் பார்மாவின் அரசவை அச்சகத்தில் ஜாம்பட்டிஸ்டா பொடோனியும் கிரேக்க, லத்தீன் செவ்வியல் நூல்களை இந்த எழுத்துகளில் அச்சிட்டார்கள். கற்றறிந்த ஆண்களின் நூலகத்துக்குரிய எழுத்தாகவே அது இருந்தது.

1892இல் அமெரிக்க அச்சாளர் தியோடர் லோ டி வின் ஒரு கட்டுரை படித்தார். அதன் தலைப்பே 'ஆண்மையான அச்சு'. கறுத்து அழுத்தமாக நிற்கும் எழுத்து ஆண்மை; மயிரிழைக் கோடு பெண்மை, பலவீனம். அவர் விருப்பப்படி 'செஞ்சுரி' இதழுக்காக உருவான எழுத்துருவில் மெல்லிய கோடுகள் தடித்தன. பெண்மை இங்கே வசைச்சொல்.

அடுத்த நூற்றாண்டில் அதே வசை விலைபொருளானது. ஃபேஷன் இதழ்கள் மெலிவை நளினம் என்று பெண்களுக்கே விற்றன. 1992இல் பஜார் இதழின் மறுவடிவமைப்புக்காக ஜொனாதன் ஹோஃப்லர் டிடோவைப் புதிதாக வரைந்தார். ஒரே வரைவைப் பெரிதாக்கினால் மெல்லிய கோடும் தடிக்கும். ஆகவே வெவ்வேறு அளவுகளுக்கென ஏழு தனி வரைவுகள். எழுத்து எவ்வளவு வளர்ந்தாலும் மெலிவு கெடக்கூடாது! உடல் வளர வளர இடை மட்டும் வளரக்கூடாது என்று கேட்டுப் பழகிய நமக்கு இந்த நிபந்தனை புதிதல்ல. அப்போது இதழின் ஆசிரியர் லிஸ் டில்பெரிஸ் என்ற பெண் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. நம் மீது சுமத்தப்பட்ட அளவுகோலை நாமும் கையில் எடுத்திருக்கிறோம்.

இந்த எழுத்தின் வரலாற்றில் பெண் உண்மையாகவே இருக்கிறாள். மயிரிழையில் அல்ல, உழைப்பில். பொடோனி 1813இல் இறந்தபோது, அவருடைய எழுத்து மாதிரிகளின் பெருந்தொகுப்பான 'மானுவாலே டிபோகிராஃபிகோ' வெளிவந்திருக்கவில்லை. 1818இல் இரண்டு தொகுதிகளாக அதை முடித்து வெளியிட்டவர் அவர் மனைவி மார்கெரிட்டா டல்லாலியோ. இன்று பொடோனியைப் பற்றிப் பேசுகிற எவரும் திரும்பிச் செல்லும் நூல் அது. அதன் முகப்பில் வெளியிட்டவருக்கான இடத்தில் இருக்கும் சொல் 'விதவை' என்பது மட்டுமே. கணவர் பெயர் பெரிய எழுத்தில். அவர் பெயர் அங்கே இல்லை.

கோட்டுக்குப் பெண்பால் கொடுத்த அச்சுலகம், உழைத்த பெண்ணுக்குப் பெயரைக்கூடக் கொடுக்கவில்லை. மாணவிகளிடம் இப்போது சொல்கிறேன்: எழுத்தின் நளினத்தைப் பார்த்த பிறகு, முகப்புப் பக்கத்தின் அடிவரியையும் படியுங்கள்.