‘நீங்க இன்னும் வளரலை’: கருக்கும் என் சித்தியும்

எங்கள் வீட்டு அடுப்படி மூலையில் பிடியரிசிப் பானை ஒன்று இருக்கும். உலைக்கு அரிசி அளந்ததும் சித்தி அதிலிருந்து ஒரு பிடி அள்ளி அந்தப் பானையில் போடுவார். வீட்டில் அரிசி குறைவாக இருந்த நாட்களிலும் அந்தப் பிடி குறைந்ததில்லை. மாதக் கடைசியில் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் வீடு வீடாக வந்து வாங்கிப் போவார்கள். அதை விற்ற பணம் சபைக்குச் சேரும்.

சித்தி ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போனவர். விடிவதற்கு முன்னால் ஜீப்பில் ஏறிக் கம்பம்மெட்டு வழியாக இடுக்கிப் பக்கம் போய்க் காய் எடுத்துவிட்டு, இருட்டிய பிறகு வீடு திரும்புவார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓய்வு. அந்த ஓய்வையும் கோவிலைக் கூட்டிப் பெருக்குவதற்குக் கொடுத்துவிடுவார். எனக்கு இருபது வயதானபோது, ஆண்டுச் சபைக்கூட்டம் ஒன்றில் அவர் எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்டார். பிடியரிசிப் பணம் எதற்குச் செலவாகிறது என்று பெண்களுக்கும் சொல்லலாமே என்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. “நீங்க இன்னும் ஆவிக்குரிய ஜீவியத்துல வளரலைம்மா, ஜெபத்துல வைங்க” என்று பதில் வந்தது. பாயில் உட்கார்ந்திருந்த பெண்கள் யாரும் வாய் திறக்கவில்லை. நானும்தான்.

‘வளர்ச்சி’ என்ற சொல்லை நான் யோசிக்கத் தொடங்கியது அன்றைக்குத்தான். விசுவாசத்தில் முதிர்வது என்பதைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டிருக்கிறேன். ஆண்களுக்கு அது பொறுப்பாக விளக்கப்படும்: ஜெபக்கூட்டம் நடத்துவது, கமிட்டியில் உட்காருவது, வசனம் சொல்வது. பெண்களுக்கோ பொறுமையாக, சாந்தமாக, எதையும் தாங்கிக்கொள்வதாக விளக்கப்படும். குடிகாரக் கணவனோடு இருபது வருடம் குடும்பம் நடத்தியவளைக் ‘குணசாலியான ஸ்திரீ’ என்று சாட்சிக்கு நிறுத்துவார்கள். அந்த இருபது வருடம் அவளுக்கு எப்படிப் போனது என்று அவளிடம் கேட்க மாட்டார்கள்.

திராட்சைச்செடியும் கொடிகளும் பற்றிய யோவான் சுவிசேஷப் பகுதி எங்கள் பள்ளத்தாக்கில் அடிக்கடி பிரசங்கிக்கப்படுவது. கேட்கிறவர்களில் பாதிப் பேர் திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள்தானே. பெண்கள் படும் துன்பமெல்லாம் கர்த்தர் செய்யும் கவாத்து என்பார்கள். ஆனால் கவாத்து வெட்டும் பெண்களுக்கு ஒன்று தெரியும். வாழைத்தாரை வெட்டி வைத்துப் புகை போட்டால் பழுத்துவிடும். திராட்சையைப் பறித்துவிட்டால் அதற்கு மேல் பழுக்காது, கொடியில் இருக்கும்போதே பழுத்தால்தான் உண்டு. எங்களுக்குச் சொல்லித்தரப்பட்ட முதிர்ச்சி, புகை போட்டுப் பழுக்க வைத்த வாழையைப் போன்றது. மேலே மஞ்சள் ஏறியிருக்கும், உள்ளே பழுத்திருக்காது.

மதுரையில் படித்தபோதுதான் பாமாவின் ‘கருக்கு’ கைக்கு வந்தது. 1992இல் வெளிவந்த நூல். பாமாவின் ஊர் வத்திராயிருப்புப் பக்கத்துப் புதுப்பட்டி. எங்கள் பள்ளத்தாக்குக்குக் கிழக்குச் சுவராக நிற்கும் மலைகளுக்கு அந்தப் பக்கம் உள்ள ஊர். நூலின் தொடக்கத்தில் அவர் தன் ஊர் மலையைப் பற்றி எழுதியிருப்பதைப் படித்தபோது, நாங்கள் ஒரே மலையின் இரண்டு பக்கத்துப் பிள்ளைகள் என்று தோன்றியது. அவர் கத்தோலிக்கர், நான் தென்னிந்தியத் திருச்சபை. இரண்டு பேரும் தலித் கிறித்தவக் குடும்பத்துப் பெண்கள்.

கருக்கைச் சாதிக்கொடுமையின் சாட்சியமாக நாம் சரியாகவே வாசிக்கிறோம். ஆனால் அதை விசுவாசத்தில் வளர்ந்த கதையாக அதிகம் வாசித்ததில்லை. வகுப்பறையில் மடத்தைப் பற்றிய பகுதிகளைத் ‘திருச்சபை விமர்சனம்’ என்ற தலைப்பில் இரண்டு மதிப்பெண் கேள்வியாக முடித்துவிடுகிறார்கள். எனக்கு அந்தப் பகுதிகளே நூலின் முதுகெலும்பாகத் தெரிகின்றன.

பாமா அதை வரிசையாகச் சொல்வதில்லை. ஒரே பருவத்துக்குத் திரும்பத் திரும்ப வருகிறார். பிள்ளைப் பருவம் ஒருமுறை ஊராக, ஒருமுறை வேலையாக, ஒருமுறை படிப்பாக, ஒருமுறை பக்தியாகச் சொல்லப்படுகிறது. பக்தியாகச் சொல்லும்போது அங்கே நிறைந்திருப்பது பயம். பிசாசு பயம், பாவ பயம், சிஸ்டர்மார் மீதான பயம். மனப்பாடமும் அடியும்தான் ஞானோபதேசம். வளர வளர அந்தப் பயம் விலகுகிறது, கேள்வி வருகிறது. பிறகு ஆசிரியை வேலையை விட்டுவிட்டு, ஏழைப் பிள்ளைகளுக்கு உழைக்கும் ஆசையோடு கன்னியர் மடத்தில் சேர்கிறார். தலித் பெண்களைச் சில சபைகள் சேர்ப்பதில்லை என்பது உள்ளே போன பிறகு தெரிகிறது. ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள் வசதியாக வாழ்வதையும், வசதியான வீட்டுப் பிள்ளைகளின் பள்ளியிலேயே உழைப்பு கரைவதையும் பார்க்கிறார். ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு வெளியே வருகிறார்.

மடத்தின் கணக்குப்படி இது வீழ்ச்சி, அழைப்பை விட்டுப் பின்வாங்கியவளின் கதை. நூலின் கணக்கு வேறு. தினசரிப் பக்தியில் காட்டப்பட்ட சாந்தமான இயேசுவுக்கும், அநியாயத்தைக் கண்டு கோபப்பட்ட, ஒடுக்கப்பட்டவர்களின் பக்கம் நின்ற இயேசுவுக்கும் உள்ள தூரத்தைப் பாமா கண்டுபிடிக்கிறார். ஒடுக்கப்பட்டவர்களுக்கு இரண்டாமவரைச் சொல்லித்தராமல் தாழ்மை, கீழ்ப்படிதல், பொறுமை ஆகியவற்றை மட்டும் சொல்லித்தந்தார்கள் என்பதே அவருடைய குற்றச்சாட்டு. கடவுளை விட்டவர் இப்படிக் குற்றம் சாட்ட மாட்டார். கடவுளையும் நிறுவனத்தையும் பிரித்துப் பார்க்கக் கற்றவர்தான் சாட்ட முடியும்.

அந்தப் பிரித்தறிதலைத்தான் முதிர்ச்சி என்கிறேன். இதை நான் வெளியிலிருந்து கொண்டுவரவில்லை, வேதத்திலேயே இருக்கிறது. பனைமட்டையின் இருபக்க அரம் போன்ற விளிம்புதான் கருக்கு. தன் முன்னுரையில் பாமா அதை எபிரெயருக்கு எழுதின நிருபத்தின் நான்காம் அதிகாரத்தில் வரும் இருபுறமும் கருக்குள்ள பட்டயத்தோடு சேர்த்துப் பேசுகிறார். அந்த இடத்தில் வேதத்தை மூடாமல் ஒரு பக்கம் தள்ளி வாசித்தால், ஐந்தாம் அதிகாரக் கடைசியில் பாலும் பலமான ஆகாரமும் வருகின்றன. பால் குழந்தைகளுக்கு, பலமான ஆகாரம் வளர்ந்தவர்களுக்கு. எங்கள் சபைகளில் ‘வளர்ச்சி’ப் பிரசங்கத்துக்கு வழக்கமாக எடுக்கப்படும் பகுதி இதுதான்.

ஆனால் வளர்ந்தவர் யார் என்று அந்த வசனம் சொல்வதை முழுதாக வாசித்துக் காட்டுவதில்லை. பூரண வயதுள்ளவர்களுக்கு அது கொடுக்கும் அடையாளம் பொறுமையும் அல்ல, மௌனமும் அல்ல. நன்மை எது, தீமை எது என்று பயிற்சியினால் பிரித்தறியும் திறன். நாங்கள் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பில் அந்த இடத்தில் இருக்கும் வினைச்சொல் ‘பகுத்தறி’. 1925இல் தொடங்கிய சுயமரியாதை இயக்கம் தன் கொடியாக ஏந்திய சொல், அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே எங்கள் வேதப்புத்தகத்தில் விசுவாச முதிர்ச்சியின் இலக்கணமாக அச்சாகியிருக்கிறது. பகுத்தறிவை நாத்திகம் என்று பயமுறுத்தும் பிரசங்கிகள் இந்த வசனத்தைக் கடந்துதான் அந்தப் பக்கம் போகிறார்கள். ‘பயிற்சி’ என்ற சொல்லையும் கவனியுங்கள். அது ஒரே இரவில் வருவதில்லை. தப்பாகப் புரிந்து, கேட்டு, அடிபட்டு, மறுபடியும் கேட்டுத்தான் வரும். கருக்கு ஒரே வாழ்க்கையைத் திரும்பத் திரும்பச் சொல்வதை நான் இந்தப் பயிற்சியாகவே வாசிக்கிறேன்.

இப்படி வளர்ந்த பெண்ணைப் பார்த்து ‘நீ வளரவில்லை’ என்று சொல்வது புதிதல்ல. பண்டித ரமாபாய் 1883இல் இங்கிலாந்தில், வான்டேஜ் நகரில் திருமுழுக்குப் பெற்றார். கோட்பாடுகளைப் பற்றி அவர் கேள்வி கேட்டபோது, அவருடைய ஞானத்தாயாக இருந்த சிஸ்டர் ஜெரால்டின் அதை அகந்தை என்று கடிந்து எழுதினார். அவர் ஆண்களுக்குப் பாடம் எடுக்கலாமா என்று ஆயர்களும் ஆட்சேபித்தார்கள். இப்போதுதான் ஒரு புரோகிதக் கூட்டத்தின் நுகத்தைக் கழற்றியிருக்கிறேன், இன்னொன்றுக்குக் கழுத்தைக் கொடுக்க மாட்டேன் என்ற கருத்தில் ரமாபாய் பதில் எழுதினார். அவர் கடைசிவரை கிறித்தவராகவே இருந்தார், முக்தி மிஷனை நடத்தினார், வேதத்தை மராத்தியில் மொழிபெயர்த்தார். அகந்தை என்று கடியப்பட்ட கேள்விகள் அவருடைய விசுவாசத்தைத் தின்றுவிடவில்லை.

பாமாவின் அடுத்த நூலான ‘சங்கதி’ 1994இல் வந்தது. கிறித்தவத் தலித் பெண்களுக்குத் திருமணச் சட்டம் எப்படிப் பூட்டாகிறது என்று அதில் பேசுகிறார். அடிக்கும் கணவனை விட்டு விலகுவது மற்ற சாதிச்சனங்களிடையே வழக்கமாக இருக்க, கோவிலில் தாலி வாங்கியவளுக்கு அந்த வாசலும் அடைபடுகிறது. ஒருத்தி எவ்வளவு வளர்ந்தாலும் கதவு பூட்டியிருந்தால் என்ன செய்வாள்? தனி ஒருத்தியின் முதிர்ச்சி என்று கருக்கில் தெரிந்தது, சங்கதியில் ஒரு தெருவின் கேள்வியாகிவிடுகிறது.

கருக்கின் மடப் பகுதிகளை ஒரு விடுமுறையில் சித்திக்கு வாசித்துக் காட்டினேன். காய் எடுத்து விரல் நுனியெல்லாம் கறுத்திருந்த கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். சில இடங்களில் சிரித்தார். முடிந்ததும், “அந்தப் புள்ள வெளிய வந்துருச்சு தாயி. படிச்ச புள்ள, வாத்தியார் வேல பாத்த புள்ள. நான் எங்கிட்டுப் போக? எங்க அம்மாவப் பொதச்ச எடமும் இந்தக் கோயில்தான்” என்றார்.

கருக்கின் மீது நான் கேட்ட மிகக் கூர்மையான விமர்சனம் இது. ஆய்வுக் கட்டுரைகளில் எனக்குக் கிடைக்காதது. பாமாவுக்கும் வெளியேறுவது சுலபமாக இருக்கவில்லை. வேலையில்லாமல், நிலையான இடமில்லாமல் நிற்கும் பெண்ணோடுதான் நூல் முடிகிறது, வெற்றி என்று எதையும் அவர் பாவனை செய்யவில்லை. நூல் வந்தபின் அவருடைய ஊரே அவர்மேல் கோபப்பட்டது. ஆனாலும் நாம், படித்த பெண்ணிய வாசகிகள், வெளியேறிய கணத்தையே நூலின் உச்சமாக எடுத்துக்கொள்கிறோம். வெளியேறுகிறவள் விடுதலை பெற்றவள், உள்ளே இருப்பவள் இன்னும் விழிக்காதவள் என்று மனசுக்குள் ஒரு தராசு வைத்திருக்கிறோம். ‘நீங்க இன்னும் வளரலை’ என்ற அதே வாக்கியத்தைச் சித்தியிடம் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன், வேறு சொற்களில்.

வாசல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதில் பாமாவும் சித்தியும் வேறுபடலாம். பகுத்தறிவதில் வேறுபடவில்லை. கடவுளுக்குக் கொடுத்த அரிசி வேறு, அதை விற்ற பணத்தின் கணக்கு வேறு என்று சித்தி பிரித்துப் பார்த்தார். முதலாவதை நிறுத்தாமல் இரண்டாவதைக் கேட்டார்.

தென்னிந்தியத் திருச்சபையில் 1976 முதல் பெண்கள் குருத்துவம் பெறுகிறார்கள். 2013இல் நந்தியால் பேராயத்துக்குப் புஷ்பலலிதா முதல் பெண் பேராயரானார். அதைச் சொல்லி எங்கள் பெண்கள் சங்கத்தில் கைதட்டினோம். பீடத்தில் ஒரு பெண் நிற்பது பெரிய காரியம். பாயில் உட்கார்ந்திருக்கும் பெண் கேட்ட கேள்விக்குப் பதில் வருவதும் அதே அளவு பெரிய காரியம்.

சித்தி அடுத்த ஆண்டும் கேட்டார். அதற்கடுத்த ஆண்டு அவர் எழுந்தபோது, பாயிலிருந்து இன்னும் நான்கு பெண்கள் எழுந்தார்கள். அந்த நால்வரில் நானும் ஒருத்தி. எழுந்தபோது என் கால்கள் நடுங்கியதை இங்கே சொல்லிவிட வேண்டும். அந்தக் கூட்டத்தில் பிடியரிசிக் கணக்கு முதன்முறையாக வாசிக்கப்பட்டது. பாதிக்கு மேல் ‘இதர செலவு’ என்று ஒரே வரியில் இருந்தது. “இதரன்னா என்னன்னு வர்ற வருசம் கேப்போம்” என்றார் சித்தி, வீட்டுக்கு நடந்து வரும்போது. வந்ததும் உலை வைத்தார். ஒரு பிடி அரிசியை அள்ளிப் பானையில் போட்டார்.