தூரிகையைக் கைவிட்டாரா போப்போவா?

1921 செப்டம்பரில் மாஸ்கோவில் ‘5×5=25’ கண்காட்சி நடந்தது. லியுபோவ் போப்போவா, ரோத்சென்கோ, ஸ்டெப்பானோவா உள்ளிட்ட ஐந்து ஓவியர்கள், ஆளுக்கு ஐந்து படைப்புகள். சில வாரங்களில் சட்டக ஓவியத்துக்கே முழுக்குப் போட்டுவிட்டு, அரங்குக்கும் ஆலைக்கும் பயன்படும் வடிவமைப்பே இனித் தன் வேலை என்று போப்போவா முடிவெடுத்தார். இதைத் தியாகம் என்று போற்றுவோரும், நல்ல ஓவியரை இழந்தோம் என்று வருந்துவோரும் உண்டு. இரு சாராரும் அவருடைய பிரகடனத்தை நம்புகிறார்கள். அவர் கை செய்ததைப் பார்ப்பதில்லை. ஓவியத்தை விட்டுவிட்டதாக அவர் சொன்னாரே தவிர, அவருடைய ஆகச் சிறந்த வடிவமைப்பு ஓவியத்திலிருந்தே பிறந்தது.

அவ்வாண்டின் ‘வெளி-விசைக் கட்டுமானங்கள்’ வரிசையைப் பாருங்கள். பூச்சில்லாத ஒட்டுப்பலகையில் மரத்தின் ரேகை அப்படியே தெரிகிறது. அதன்மேல் சாய்கோடுகள் ஒன்றையொன்று வெட்டிப் பாய்கின்றன. சிலவற்றில் எண்ணெய் வண்ணத்தோடு பளிங்குத்தூளும் கலந்திருப்பதால் கோட்டுக்குச் சொரசொரப்பும் கனமும் சேர்கின்றன. 1922 ஏப்ரலில், மேயர்ஹோல்ட் இயக்கிய ‘பெருந்தன்மையான ஏமாளிக் கணவன்’ நாடகத்துக்கு அவர் அமைத்த அரங்கில் அதே கோடுகள் ஏணியாகவும் சறுக்குப்பலகையாகவும் எழுந்து நின்றன. நாயகனின் பொறாமை ஏற ஏறப் பின்னாலிருந்த சக்கரங்கள் வேகமெடுத்தன. நீல வேலையுடை அணிந்த நடிகர்கள், பலகையில் அவர் வரைந்திருந்த விசையைத் தங்கள் உடலால் ஏறி இறங்கிக் காட்டினார்கள். பலகையில் பழகாத கைக்கு இது வாய்த்திருக்காது.

துணியில்தான் சறுக்கல். 1923–24இல் மாஸ்கோவின் முதலாம் அரசுத் துணி அச்சாலைக்கு அவரும் ஸ்டெப்பானோவாவும் வட்டங்களும் பட்டைகளுமாக வடிவங்கள் வரைந்தார்கள். உற்பத்தி முடிவுகளிலும் சாய ஆய்வகத்திலும் தங்களுக்கு இடம் வேண்டும் என்று கேட்டார்கள். ஆலைக்குத் தேவைப்பட்டதோ வடிவங்கள் மட்டும். பொறியாளராக வேண்டும் என்று போனவர், தன் கோட்பாடு மறுத்த அலங்காரக்காரரின் இடத்திலேயே நிற்க நேர்ந்தது. பலகையில் மோதிய கோடுகள், அச்சுருளையில் திரும்பத் திரும்ப வந்தபோது இழுவிசையை இழந்தன.

1924 மே மாதம், மகன் இறந்த சில நாட்களில், அதே செங்காய்ச்சலுக்கு 35 வயதில் அவர் பலியானார். ஓராண்டுகூட நிறையாத ஆலைப் பணியை வைத்துத் தீர்ப்புச் சொல்வது கொடுமையில்லையா என்று கேட்கலாம். அவர் திறமைமீது எனக்கு ஐயமில்லை. கலைஞர் தூரிகையைக் கீழே வைத்தால் ஆலை கதவைத் திறந்துவிடும் என்று அந்தக் கோட்பாடு எண்ணியதுதான் பிழை. இன்னும் பத்தாண்டுகள் அவர் வாழ்ந்திருந்தாலும் அந்தக் கதவின் சாவி ஆலை நிர்வாகத்திடம்தான் இருந்திருக்கும்.