பழைய பேஸ்மேக்கர், புது நெஞ்சு

இறந்துபோன ஒருவரின் உடம்பிலிருந்து எடுத்த பேஸ்மேக்கரைச் சுத்தம் செய்து, காசில்லாத இன்னொருவருக்கு வைக்கலாமா? "வைக்கலாம், பாதுகாப்பு நிரூபணமாகிவிட்டது" என்பவர்கள் பெரும்பாலும் 2020-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த கட்டுரையைக் காட்டுகிறார்கள். அதை இரண்டு முறை வாசித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் அது சொல்வது ஒன்று, அதை வைத்து நாம் சொல்லிக்கொள்வது வேறு.

முதலில் ஒரு சின்ன விளக்கம். நெஞ்சுத் தோலுக்கு அடியில் இருப்பது தீப்பெட்டி சைஸில் ஒரு டப்பா. உள்ளே பேட்டரியும் சர்க்யூட்டும். அதிலிருந்து இதயத்துக்குப் போவது லீடு எனும் வயர். மறுபடி பயன்படுத்துவது டப்பாவை மட்டும்தான், வயர் புதுசு. கொதிக்க வைத்தால் சர்க்யூட் போய்விடும் என்பதால் எத்திலீன் ஆக்சைடு வாயுவில் வைத்துக் கிருமி நீக்குகிறார்கள்.

எங்கள் திருப்பனந்தாள் பக்கம் பெரும்பாலும் எரிப்பதுதான் வழக்கம். பேஸ்மேக்கரோடு எரித்தால் பேட்டரி வெடிக்கும். 1976-லேயே இங்கிலாந்தில் சோலிஹல் என்ற ஊரின் தகன நிலையத்தில் வெடித்திருக்கிறது. ஆக, எப்படியும் வெளியே எடுத்தாக வேண்டிய பொருள். எடுத்த பிறகு அது எங்கே போகிறது என்று இங்கே யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

சரி, 2020 கட்டுரைக்கு வருவோம். மான்ட்ரியலிலிருந்து போன பழைய கருவிகளை மெக்சிகோ, டொமினிக்கன் குடியரசு, குவாத்தமாலா, ஹோண்டுராஸ் நாடுகளில் 1,051 பேருக்கு வைத்தார்கள். ஒப்பிட, கனடாவில் புதுக் கருவி வைத்த 3,153 பேர். இரண்டு வருடத்தில் கிருமித்தொற்று வந்தது முதல் குழுவில் 21 பேருக்கு (2.0%), இரண்டாவதில் 38 பேருக்கு (1.2%). கருவியால் மரணம் எதுவும் இல்லை. பி மதிப்பு 0.06. "0.05-ஐத் தாண்டிவிட்டது, அதனால் வித்தியாசம் இல்லை" என்று முடித்துவிடுகிறார்கள். இதுதான் எனக்கு இடிக்கிறது. ஆபத்து விகிதத்தின் எல்லை 0.97-லிருந்து 2.83 வரை விரிகிறது. கிட்டத்தட்ட சமம் என்றும் இருக்கலாம், மூன்று மடங்குக்குக் கொஞ்சம் குறைவு என்றும் இருக்கலாம். வித்தியாசம் நிரூபணமாகவில்லை என்பதும் வித்தியாசமே இல்லை என்பதும் ஒன்றா? அதோடு குவாத்தமாலா ஆஸ்பத்திரியையும் கனடா ஆஸ்பத்திரியையும் ஒப்பிடும்போது, கூடுதல் தொற்று பழைய டப்பாவால் வந்ததா, ஆபரேஷன் நடந்த இடத்தால் வந்ததா என்று பிரிக்கவே முடியாது.

நம் நாட்டுக் கதையும் இருக்கிறது. மும்பை ஹோலி ஃபேமிலி ஆஸ்பத்திரியில் 81 பேருக்கு 106 பழைய ஐசிடி (ஆபத்தான துடிப்பு வந்தால் ஷாக் கொடுத்து நிறுத்தும் கருவி) வைத்த அனுபவம் 2012-ல் ஆனல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசினில் வெளியானது. பேட்டரியில் மூன்று வருடமாவது மிச்சம் இருந்தவை மட்டும். தொற்று பூஜ்யம். ஆனால் 81 பேரில் பூஜ்யம் என்றால், உண்மை விகிதம் 3.7% வரைகூட இருக்கலாம் (மூன்றை 81-ஆல் வகுத்தால் போதும், பழைய சூத்திரம்). அதனால் அந்தப் பூஜ்யத்தை நான் பெரிதாக எடுக்கவில்லை. நான் பெரிதாக எடுப்பது இன்னொரு எண்ணை: 44 பேருக்கு அந்தப் பழைய கருவி தேவையான நேரத்தில் வேலை செய்திருக்கிறது. பாதிப் பேருக்கு மேல்! இவர்களுக்குப் புதுசா பழசா என்பது கேள்வியே இல்லை. பழசா ஒன்றுமே இல்லையா என்பதுதான் கேள்வி.

அதற்காக, கிடைத்ததை வாங்கிக்கோ என்று ஏழையிடம் சொல்லிவிட முடியுமா? 2011-ல் 18 ஆய்வுகளை, 2,270 நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பில் கருவிப் பழுது 0.68%. சின்ன எண்தான், ஆனால் புதுசோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய ஆறு மடங்கு. முக்கியமான சந்தேகம் எதன் மேல் தெரியுமா? லீடைப் பிடித்து இறுக்கும் குட்டி ஸ்க்ரூ மேல். கழற்றும்போது அது கெட்டிருக்கலாம் என்கிறார்கள். அதாவது மருத்துவப் பிரச்சனையைவிட, மெக்கானிக் ஷாப் பிரச்சனை. சரியான திருப்புளியும் நிதானமும் பரிசோதனையும் இருந்தால் குறைக்க முடிந்தது.

2024 நவம்பரில் மிஷிகன் பல்கலைக்கழகக் குழு ஏழு நாடுகளில் சுமார் 300 பேரிடம் குலுக்கல் முறையில் செய்த சோதனையின் முடிவைச் சொன்னது. பழசு புதுசுக்குக் குறைந்ததில்லை என்று. கனடா-குவாத்தமாலா குழப்பம் இதில் இல்லை, பெரிய முன்னேற்றம்தான்.

ஆனால் இந்தக் கட்டுரைகளின் தலைப்பு எண்கள் எல்லாம் தொற்றும் பழுதும்தான். என் தொழில் சாஃப்ட்வேர், என் கவலை அங்கிருந்து வருகிறது. 2017 ஆகஸ்டில் அமெரிக்காவில் மட்டும் 4,65,000 பேஸ்மேக்கர்களுக்கு ஃபர்ம்வேர் அப்டேட் தேவை என்று அறிவிப்பு வந்தது. வெளியாள் உள்ளே நுழைய ஓட்டை இருந்ததாம். நோயாளி கிளினிக்குக்கு நேரில் போய்த்தான் போட்டுக்கொள்ள வேண்டும். இப்போது யோசியுங்கள்: அந்த சீரியல் நம்பர் சிகாகோவில் இறந்துபோன ஒருவர் பெயரில் பதிவாகியிருக்கிறது, டப்பா மும்பையில் துடித்துக்கொண்டிருக்கிறது. கடிதம் யார் வீட்டுக்குப் போகும்?

"ஒருமுறை மட்டும்" என்று லேபிள் ஒட்டி விற்கும் கம்பெனிக்கு இரண்டாவது ஆளைத் தேடும் கடமை இல்லை. தானம் தரும் அமைப்பு தேட வேண்டும், வைக்கும் ஆஸ்பத்திரி பதிவேடு வைத்திருக்க வேண்டும். பழைய கருவி வைத்தவர்களில் எத்தனை பேரை ஐந்து வருடம் கழித்து ஒரு வாரத்துக்குள் போனில் பிடிக்க முடிந்தது? அடுத்த கட்டுரையில் நான் முதலில் தேடப்போவது அந்த அட்டவணையைத்தான்.