மூன்று அல்பங்களும் நம் பாவாமாரும்

சினிமாவுக்கு வெளியே தமிழில் வரும் பாட்டுகளைப் பற்றி நம்மவர்கள் அதிகம் எழுதுவதில்லை. இசை கூடுமா, கூடாதா என்ற விவாதத்தோடு பேச்சு நின்றுவிடுகிறது. அந்த விவாதத்தை உலமாக்களிடம் விட்டுவிட்டு, சுயாதீனக் கலைஞர்களின் மூன்று அல்பங்களை இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒவ்வொன்றிலும் நான் கேட்பது ஒன்றுதான்: பாடுபவர் யாருடைய குரலைச் சுமந்து வருகிறார்?

முதலாவது 'நாகூர் செஷன்ஸ்'. சென்னை ஏர்த்சிங்க் நிறுவனத்தின் வெளியீடு. அப்துல் கனி, அஜா மைதீன், சாபுர்மைதீன் பாபா சாபிர் என்ற மூன்று நாகூர் பக்கீர்மார் பாடியிருக்கிறார்கள். ஒருவர் அடியெடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடும் பழைய முறை கெடவில்லை. கல்முனைக் கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றத்துக்குப் போய்ப் பழகியவர்களுக்கு அந்தத் தொனி அந்நியமாகத் தெரியாது. பக்கீர்மாரின் குரலைச் சுற்றி நவீன வாத்தியங்களைச் சேர்த்திருக்கிறார்கள். அவை ஒதுங்கி நின்று குரலுக்கு வழிவிடும் இடங்கள் அருமை. மேலே ஏறிவரும் இடங்களிலோ திக்ரு வெறும் தாளமாகிவிடுகிறது. சொல் விளங்காத வெளிநாட்டு ரசிகருக்கு அது ஒரு குறையில்லை. நமக்குக் குறைதான், ஏனென்றால் பைத்தில் சொல்தான் முதல்.

இரண்டாவது, அறிவும் ஒஃப்ரோவும் 2019இல் வெளியிட்ட 'தெருக்குறள்'. ரெப் பாட்டு என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். சொல் தெளிவாகக் காதில் விழுகிறது, ஒப்பாரியும் கானாவும் உள்ளே ஓடுகின்றன. ஆனால் கோபம் ஒரே உச்சத்தில் நிற்பதால், தொடர்ந்து கேட்டால் களைத்துப் போகிறோம். அதே ஆண்டு டிசம்பரில் இந்தியா கொண்டுவந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் முஸ்லிம்களை விலக்கியது. இலங்கை அகதிகளையும் சேர்க்கவில்லை. அதை எதிர்த்து 'சண்ட செய்வோம்' என்று பாடியவரும் இந்த அறிவுதான். அவருடைய பாட்டி வள்ளியம்மாள் நம் நாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் பல குடும்பங்களை ஊரைவிட்டுக் கிளப்பியதை அறிந்த மாத்தளை மக்களுக்கு அந்தக் குரல் தூரத்துக் குரலாக இருக்காது.

மூன்றாவது, ஷான் வின்சென்ட் டி போல் 2021இல் தந்த 'மேட் இன் ஜஃப்னா'. யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடாவில் வளர்ந்தவர். ஆங்கில ரெப்பை மிருதங்கச் சொல்லுக்குப் பக்கத்தில் வைத்துப் பழகிய வேகமான நாக்கு அவருக்கு. பெருமையும் இழப்பும் கலந்து வரும் இடங்களில் நல்ல கனம் இருக்கிறது. ஆனால் அந்தத் தலைப்பைப் பார்த்ததும் எனக்கு 1990 ஒக்டோபர் ஞாபகம் வந்தது. சோனகத் தெருவிலிருந்து சில மணி நேரத்தில் வெளியேற்றப்பட்டவர்களும் யாழ்ப்பாணத்தில் உருவானவர்கள்தானே? இதை அவர்மேல் குற்றமாகச் சொல்லவில்லை. அந்தக் கதையை நம் பிள்ளைகள்தான் பாட வேண்டும்.

இங்கே வில்கமுவவில் வெசாக் வந்தால் ஒலிபெருக்கியில் மொஹிதீன் பேக் பாடுவார். சேலத்தில் பிறந்து 1991இல் மௌத்தான ஒரு முஸ்லிமின் குரலைச் சிங்கள மக்கள் அவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறார்கள். நோன்பு காலத்தில் தாயிறா தட்டி, வீடு வீடாகச் சஹருக்கு எழுப்பிய நம் பாவாமாரின் பைத்துகளை நாம் எப்படி வைத்திருக்கிறோம்? மார்க்கத்துக்கு முரண் என்று கருதுகிறவர்கள்கூட, அது நம் மூத்தவர்களின் மொழி என்பதை மறுக்க மாட்டார்கள். எழுதிப் பதிந்து வைத்தால்தானே அதை விமர்சிக்கவும் முடியும்.

பெரிய ஸ்டூடியோ எதுவும் தேவையில்லை. ஊரில் வயதான பாவா ஒருவர் இருந்தால், அவரிடம் அனுமதி கேட்டு, போனிலாவது பதியுங்கள். அவர் பெயர், ஊர், யாரிடம் ஓதிப் பழகினார், பதிந்த திகதி ஆகியவற்றையும் எழுதி வையுங்கள். நாகூர்ப் பக்கீர்மாரைத் தேடி ஒரு சென்னை நிறுவனம் போனது. நம் பாவாமாரைத் தேடி வெளியார் வரும்வரை அவர்களுடைய வயது காத்திருக்காது.