முகத்துக்கு மிக அருகே

1867இல் எடுத்த படம். கறுப்புத் துணிக்குள்ளிருந்து ஒரு முதியவரின் தலை மட்டும் வெளியே வருகிறது. வெள்ளை முடி நாலா பக்கமும் சிலிர்த்து நிற்கிறது. நெற்றியிலும் கன்னத்திலும் ஒருபக்க வெளிச்சம், மற்றதெல்லாம் இருட்டு. கண்கள் நம்மைப் பார்க்கின்றனவா, நமக்குப் பின்னால் எதையோ பார்க்கின்றனவா என்று சொல்ல முடியாது. நாற்காலி இல்லை, புத்தகம் இல்லை, தொலைநோக்கியும் இல்லை. இவர் ஜான் ஹெர்ஷல், தெற்கு வானத்தை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த வானியலாளர். புகைப்படத்தை நிலைநிறுத்தும் 'ஹைப்போ' என்ற ரசாயனத்தின் குணத்தைக் கண்டறிந்தவரும் இவரே. இதில் எதையும் படம் ஒரு பொருளைக் காட்டிச் சொல்லவில்லை. ஆனாலும் வாழ்நாளெல்லாம் உற்றுப் பார்த்துக் களைத்த கண்கள் இவை என்பது தெரிந்துவிடுகிறது.

எடுத்தவர் ஜூலியா மார்கரெட் கேமரன். கேமரா கைக்கு வந்தபோது அவருக்கு 48 வயது. ஆறு பிள்ளைகளின் தாய். எந்த ஸ்டூடியோவிலும் தொழில் பழகியவர் அல்ல. ஆனால் மனிதரைப் படமெடுப்பது பற்றி அவருடைய படங்கள் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்கின்றன: எடுப்பவருக்கும் எதிரே இருப்பவருக்கும் எவ்வளவு உறவு இருக்கிறதோ, அவ்வளவுதான் முகம் திறக்கும். அவருடைய சிறந்த படங்கள் இதற்குச் சாட்சி. சறுக்கிய படங்களும் இதற்கே சாட்சி.

கேமரன் 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். தந்தை ஜேம்ஸ் பேட்டில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி. தாய் பிரெஞ்சு வழியினர். 1836இல் உடல்நலம் தேறுவதற்காகத் தென்னாப்பிரிக்காவின் கேப் சென்றிருந்தபோது அங்கே ஹெர்ஷலைச் சந்தித்தார். பின்னாளில் கணவராக வந்த சார்லஸ் ஹே கேமரனையும் அங்கேதான் கண்டார். சார்லஸ் சட்ட அறிஞர். இலங்கையின் ஆட்சிமுறையை மாற்றிய கோல்புரூக் - கேமரன் ஆணைக்குழுவின் பெயரில் வரும் கேமரன் இவர்தான். 1838இல் திருமணம். 1842இல், புகைப்படம் என்ற வித்தை பிறந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த நேரத்தில், ஹெர்ஷல் சில மாதிரிப் படங்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவைத்தார். கேமரன் கேமராவைத் தொட்டது அதற்கு 21 ஆண்டுகள் கழித்து. ஹெர்ஷலின் முகத்துக்கு எதிரே அதை வைத்தபோது அவர்களுடைய நட்புக்கு 31 வயது. தலைமுடியைக் கழுவிக் கலைத்துவிடச் சொல்லி, அந்தப் பெரிய மனிதரை அதற்கு இணங்கவும் வைத்தார் என்பார்கள். வேறு எந்தப் புகைப்படக்காரர் ஹெர்ஷலிடம் அப்படிக் கேட்டிருக்க முடியும்?

இந்தியாவிலிருந்து இங்கிலாந்து திரும்பிய குடும்பம் 1860இல் வைட் தீவின் ஃப்ரெஷ்வாட்டர் கிராமத்தில் குடியேறியது. வீட்டுக்கு 'டிம்போலா' என்று பெயர்; இலங்கையில் அவர்களுக்கிருந்த தோட்டத்தின் நினைவாக வைத்தது. பக்கத்து வீட்டுக்காரர் கவிஞர் டென்னிசன். 1863 டிசம்பரில் மகளும் மருமகனும் அம்மாவின் தனிமைக்குத் துணையாக இருக்கட்டுமே என்று ஒரு கேமராவைப் பரிசளித்தார்கள். நிலக்கரி போட்டுவைத்த அறை இருட்டறையானது. கோழிகளை வெளியேற்றிவிட்டு, கண்ணாடி வேய்ந்த கோழிக்கூட்டை ஸ்டூடியோ ஆக்கினார். 1864 ஜனவரியில் ஆனி என்ற சிறுமியின் படம் சரியாக வந்தது. அதையே தன் முதல் வெற்றி என்று படத்தின் அடியில் எழுதிவைத்தார். அந்தக் குழந்தைதான் படத்தை உண்டாக்கியவள் என்று தோன்றி, அவளுக்குக் கொடுக்க ஏதாவது கிடைக்குமா என்று வீடு முழுக்கத் தேடி ஓடினாராம். எதிரே உட்காருபவரும் படத்தின் ஆசிரியர் என்ற உணர்வு முதல் படத்திலேயே அவருக்கு இருந்திருக்கிறது.

அன்றைய வழக்கம் நேர் எதிரானது. 1860களில் ஐரோப்பா முழுக்கப் பரவியிருந்தது 'கார்ட் தெ விசிட்' என்ற உள்ளங்கை அளவுப் படம். ஆள் முழு உருவமாக நிற்பார்; பக்கத்தில் ஒரு தூண், பின்னால் ஒரு திரை, கையில் தொப்பி. தலை அசையாதிருக்கக் கழுத்துக்குப் பின்னால் இரும்புக் கவ்வி. சட்டையின் மடிப்புவரை துல்லியமாக விழும். முகம் கட்டைவிரல் நகத்தளவு. அந்தப் படம் சொல்வதெல்லாம் உட்கார்ந்தவரின் அந்தஸ்தை மட்டும்.

கேமரன் தூணையும் திரையையும் தள்ளிவைத்தார், கவ்வியை எடுத்தெறிந்தார். கேமராவை முகத்தருகே கொண்டுபோனார். 1866இல் 15 அங்குலத்துக்கு 12 அங்குலம் கொண்ட கண்ணாடித் தட்டு ஏற்கும் பெரிய கேமராவை வாங்கிய பிறகு, தலை ஏறக்குறைய உண்மை அளவிலேயே தட்டை நிரப்பியது. ஆளுக்குக் கறுப்புத் துணியைப் போர்த்திவிட்டு, ஜன்னல்களை மறைத்து, ஒரு பக்கத்திலிருந்தோ மேலிருந்தோ வரும் வெளிச்சத்தை மட்டும் விட்டுவைத்தார். இன்று நமக்கு 'க்ளோஸ்-அப்' பழகிப்போன ஒன்று. அன்று அது மரியாதைக் குறைவு.

அன்றைய ஈரக் கொலோடியன் முறை எவ்வளவு முரட்டு வேலை என்று தெரிந்தால்தான் இந்தப் படங்களின் அருமை புரியும். கண்ணாடித் தட்டில் பிசின் போன்ற கொலோடியனைச் சீராக ஓடவிட்டு, வெள்ளி நைட்ரேட் தொட்டியில் முக்கி, ஈரம் காய்வதற்குள் கேமராவில் பொருத்திப் படமெடுத்து, உடனே இருட்டறைக்கு ஓடிக் கழுவியாக வேண்டும். எல்லாவற்றுக்கும் கிடைப்பது கால்மணி நேரத்துக்கும் குறைவு. பிறகு முட்டை வெண்கரு பூசிய தாளைத் தட்டோடு சேர்த்து வெயிலில் வைத்துப் படம் இறக்க வேண்டும். வெள்ளி நைட்ரேட் பட்ட விரல்கள் கறுத்துவிடும். கேமரன் கறுத்த கையோடும் கறை படிந்த உடையோடும்தான் விருந்தினரை வரவேற்பார். தட்டில் தூசி ஒட்டியிருக்கும். கீறலும் விரல்ரேகையும் விழுந்திருக்கும். முகம் சரியாக வந்துவிட்டால் அந்தக் கறைகளை அவர் பொருட்படுத்தியதே இல்லை.

கறைகளைவிட அதிகமாக வசை வாங்கித் தந்தது ஃபோகஸ். பெரிய தட்டு, அகலத் திறந்த லென்ஸ், மிக அருகில் முகம். இந்த மூன்றும் சேர்ந்தால் கூர்மை ஒரு மெல்லிய தளத்தில்தான் நிற்கும். கண் கூர்மையாக இருந்தால் காது கரைந்துவிடும். போதாததற்கு அவருடைய முதல் லென்ஸில் கண்ணுக்குக் கூர்மையாகத் தெரியும் இடமும் தட்டில் கூர்மையாக விழும் இடமும் ஒன்றாக இல்லை. தொடக்கத்தில் இது தற்செயல்தான். ஆனால் லென்ஸைத் திருகிக்கொண்டே வருகையில் எந்த இடத்தில் முகம் அழகாகத் தெரிந்ததோ அங்கேயே நிறுத்திவிட்டேன், மற்றவர்களைப் போல முழுக் கூர்மைவரை போகவில்லை என்று அவரே தன் நினைவுக் குறிப்பில் சொல்கிறார். தற்செயலைக் கண்டு அதைத் தன் முறையாக்கிக்கொண்ட இடம் இது.

புகைப்படச் சங்கத்துப் பத்திரிகை திட்டித் தீர்த்தது. கேமராவைக் கையாளத் தெரியாதவர் என்றது. 'ஆலிஸின் அற்புத உலகம்' எழுதிய லூயிஸ் கரோலும் கைதேர்ந்த புகைப்படக்காரர்தான். உங்கள் ஆட்களை ஃபோகஸ் இல்லாமல் எடுக்க எனக்கு ஆசை என்று கேமரன் அவரிடம் சொல்ல, உங்கள் ஆட்களைப் பற்றி எனக்கும் அதேபோன்ற ஆசை உண்டு என்று கரோல் பதில் சொன்னாராம். இந்தச் சண்டையில் கரோலின் படங்கள் அழகானவை, கேமரனின் படங்கள் உயிருள்ளவை என்பதே என் தீர்ப்பு. ஃபோகஸ் ஒரு புள்ளியில் நின்று மெல்லக் கரையும்போது நம் கண்ணும் அந்தப் புள்ளியிலிருந்து புறப்பட்டு முகமெங்கும் அலைகிறது. சில நிமிடங்கள் நீண்ட எக்ஸ்போஷரில் மூச்சும் சிறு அசைவும் படத்தில் ஏறிவிடுகின்றன. ஒரு நொடியைப் பார்க்கிறோம் என்று தோன்றுவதில்லை. ஒருவரோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்ததாகத் தோன்றுகிறது.

யாரிடமிருந்து கற்றார்? ஓவியர்களிடமிருந்துதான். டேவிட் வில்கி வின்ஃபீல்ட் என்ற ஓவியர் தன் நண்பர்களுக்குப் பழங்கால உடை போட்டு, மென்மையான ஃபோகஸில் நெருக்கமாகப் படமெடுத்து வந்தார். அவருக்குத் தான் பட்ட கடனைக் கேமரன் மறைத்ததில்லை. ஓவியர் ஜி. எஃப். வாட்ஸ் அவருடைய படங்களைப் பார்த்துக் குறை நிறை சொல்லும் ஆசான். ரஃபேல் முதலிய இத்தாலிய ஓவியர்களின் அச்சுப் பிரதிகள் வீட்டில் இருந்தன. ஒருபக்க வெளிச்சம், குனிந்த தலை, தளர்ந்த கூந்தல் எல்லாம் அங்கிருந்து வந்தவை. வணிக ஸ்டூடியோக்களிடமிருந்து அவர் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை.

ஆட்களிடம் அவர் நடந்துகொண்ட விதத்தை அன்பான கொடுங்கோல் எனலாம். தெருவில் போகிறவரைப் பிடித்து உட்காரவைப்பார். விருந்துக்கு வந்தவரும் தபால் கொண்டுவந்தவரும் தப்ப முடியாது. உட்கார்ந்தவர் நிமிடக்கணக்கில் அசையக் கூடாது; கெட்டுப்போனால் மறுபடியும், அதற்குப் பிறகும் மறுபடியும். அலுப்பு ஏற ஏற, படத்துக்காக வைத்துக்கொண்ட முகம் கழன்று விழும். மிஞ்சுவதைத்தான் அவர் எடுத்தார். 1867இல் எடுத்த கார்லைலின் முகம் அசைவில் கலங்கி, செதுக்கி முடிக்காத பாறைபோல் இருக்கிறது. அந்த முன்கோபக்கார எழுத்தாளருக்கு அதுவே பொருத்தம். 1868 கோடையில் டார்வின் குடும்பம் ஃப்ரெஷ்வாட்டரில் கேமரனின் வீடொன்றில் வாடகைக்குத் தங்கியபோது எடுத்த படத்தில் புருவ மேட்டுக்குக் கீழே கண்கள் நிழலில் புதைந்திருக்கின்றன. தன்னை எடுத்த படங்களிலேயே தனக்கு மிகவும் பிடித்தது இதுதான் என்று டார்வின் எழுதிக் கொடுத்தார்.

பெண்களின் படங்களில் இன்னொரு கதை இருக்கிறது. வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியர் மடோனாவாக மாறினார். சிறு வயதில் தாயோடு பிச்சை எடுத்துக்கொண்டிருந்தபோது கேமரன் அழைத்துவந்து வளர்த்த மேரி ரயன் என்ற ஐரிஷ் பெண், வேலைக்காரியாகவும் மாடலாகவும் இருந்தார். லண்டன் கண்காட்சியில் அவர் படத்தைப் பார்த்து மனதைப் பறிகொடுத்த இளைஞர் ஒருவர் 1867இல் அவரையே மணந்தார். கும்பகோணத்தில் பிறந்த ஹென்றி காட்டன்தான் அந்த இளைஞர். அசாமின் தலைமை ஆணையராக இருந்து, 1904இல் இந்திய தேசிய காங்கிரசுக்குத் தலைமை தாங்கியவர்.

இவற்றுக்கெல்லாம் மேலே நான் வைப்பது சகோதரியின் மகளான ஜூலியா ஜாக்ஸனின் படங்களை. பின்னாளில் எழுத்தாளர் வர்ஜீனியா வூல்ஃபின் தாய் ஆனவர். மற்ற பெண்களுக்கு மடோனா, ஒஃபீலியா என்று ஏதாவதொரு வேடம் போட்ட கேமரன், இந்தப் பெண்ணுக்கு ஏறக்குறைய ஒருபோதும் வேடம் போடவில்லை. 1867இல், திருமணத்துக்குச் சற்று முன் எடுத்த படத்தில் கழுத்து நரம்பு புடைக்கத் தலை திரும்பியிருக்கிறது. முகத்தின் ஒரு பாதி வெளிச்சம், மறு பாதி இருள். கதை தேவைப்படவில்லை, குழந்தைப் பருவத்திலிருந்து பார்த்துவந்த முகம்.

கதை தேவைப்பட்ட இடங்களில் அவர் தடுமாறினார். டென்னிசனின் ஆர்தர் மன்னர் கவிதைகளுக்காக 1874இல் எடுத்த படங்களில் நாடக வேடங்களும் ஒப்புக்கு வைத்த படகும் கண்ணை உறுத்துகின்றன. மந்திரவாதி மெர்லினாக உட்கார்ந்த கணவர் சிரிப்பை அடக்க மாட்டாமல் குலுங்கித் தட்டுகளைக் கெடுத்தாராம். அந்தச் சிரிப்பை எடுத்திருக்கலாம்.

1875இல் தம்பதி இலங்கைக்குக் குடிபெயர்ந்தார்கள். காப்பிப் பயிர் இலைநோயில் அழிந்துகொண்டிருந்த காலம். மகன்கள் அங்கே இருந்தார்கள். களுத்துறையிலும் மலைநாட்டிலும் கேமரன் எடுத்தவற்றில் முப்பதுக்கும் குறைவான படங்களே எஞ்சியுள்ளன. ஊர்மக்களும் தோட்டங்களில் வேலை செய்தவர்களும் அவற்றில் இருக்கிறார்கள். அந்தத் தோட்டங்களில் உழைத்தவர்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து போன நம் மக்கள். வெளிச்சத்தில் குறையில்லை, ஆட்களின் நிமிர்வையும் படம் மறைக்கவில்லை. ஆனால் கேமரா பின்வாங்கிவிட்டது. முகங்கள் சிறுத்துக் குழுவாகிவிட்டன. ஒரு படத்தின் கீழே சிறுமிக்கு 12 வயது என்றும், கிழவர் தனக்கு நூறு வயது என்கிறார் என்றும் குறித்திருக்கிறார். வயது இருக்கிறது, பெயர் இல்லை. ஓவியர் மரியான் நார்த் கேமரனைப் பார்க்கப் போனபோது, ஒரு தொழிலாளியின் முதுகு அழகாக இருக்கிறதென்று தோட்டமே இல்லாத வீட்டில் அவரைத் தோட்டக்காரராக வைத்துக்கொள்ளக் கேமரன் சொன்னதை வேடிக்கையாக எழுதியிருக்கிறார். ஃப்ரெஷ்வாட்டரின் மேரிக்கு முகமும் பெயரும் கிடைத்தன. இங்கே ஒருவர் வெறும் முதுகாக நிற்கிறார். இரண்டுமே எஜமானியின் கண்தான். ஆனால் அங்கே ஒரே வீட்டில் வாழ்ந்த பழக்கம் இருந்தது. இங்கே மொழிகூட இல்லை. கலைஞரின் திறமை குறையவில்லை, உறவு இல்லை. படம் அதை அப்படியே பதிந்துவிட்டது.

கேமரன் 1879 ஜனவரியில் டிக்கோயாவில் இறந்தார். பொகவந்தலாவையில் புனித மரியாள் ஆலயத்தில் கணவருடன் அவருடைய கல்லறை இருக்கிறது. கல்லில் பெயர் இருக்கிறது. அவர் எடுத்த இலங்கை மக்களின் பெயர்களை இனி யாராலும் சொல்ல முடியாது. மலையகத்திலோ, தஞ்சையிலோ, கோலாலம்பூரிலோ உங்கள் வீட்டு அலமாரியில் பழைய படங்கள் இருந்தால், அவற்றில் இருப்பவர்களைத் தெரிந்த பெரியவர் ஒருவர் இருக்கும்போதே கேட்டு, ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும் பெயர்களைப் பென்சிலால் எழுதி வையுங்கள். இனி எடுக்கும் படங்களுக்கும் அதைச் செய்யுங்கள்.